கல்விக் கடன்: யாரும் பார்க்காத நடு வருடங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, கலந்தாய்வு முடிந்து, ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் கடன் பேச்சே எழும். கல்லூரி சில நாட்களில் பணம் கட்டச் சொல்கிறது. அப்பா நகையைப் பார்க்கிறார், மாமாவுக்குப் போன் போடுகிறார், கடைசியில் வங்கிக்குப் போகிறார். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கிளைகளில் கூடும் கூட்டம் இப்படித்தான் வருகிறது.

அந்தச் சில வாரங்களில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: கடன் கிடைக்குமா, கிடைக்காதா? கிடைத்துவிட்டால் அதோடு மறந்துவிடுகிறார்கள். அடுத்து அந்தக் கடனைப் பற்றி வீட்டில் பேசுவது, ஐந்து வருடம் கழித்து வங்கியிலிருந்து கடிதம் வரும்போதுதான். ஆனால் கல்விக் கடன் கெட்டுப்போவது பெரும்பாலும் வாங்கும்போதும் அல்ல, கட்டும்போதும் அல்ல. பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் நடு வருடங்களில், யாரும் எட்டிப் பார்க்காத கணக்கில்தான் அது கெடுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. அதற்கு முன்னால் வாசலைக் கடந்தாக வேண்டும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திருப்பித் தர வேண்டாத பணம்

கடன் கேட்கும் முன், கடன் அல்லாத பணம் எவ்வளவு வரும் என்று பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் இது சின்னத் தொகை இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெறும் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021-லும் இந்த ஒதுக்கீடு வந்தது. இந்த இடம் கிடைத்த மாணவருக்குக் கடனே தேவைப்படாமல் போகலாம்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், 2010-11 முதல் இருக்கும் கட்டணச் சலுகை உண்டு. தொழிற்கல்லூரிகளில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவருக்குத்தான் இது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றாலும் கிடையாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இதற்குத் தகுதியுள்ள மாணவரிடம் கல்லூரி முன்பணம் வாங்காமல் சேர்த்துக்கொள்வதற்காகவே 2021-ம் ஆண்டின் மத்திய வழிகாட்டுதல் ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நடைமுறையில் “இப்போ கட்டுங்க, வந்ததும் திருப்பித் தர்றோம்” என்று சொல்லும் கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. அப்படிக் கட்டுவதற்காகவே கடன் வாங்குகிற குடும்பங்களும் இருக்கின்றன. தேவையே இல்லாத கடன் என்றால் அதுதான்.

அப்புறம், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் வரும். இந்த ஆயிரத்தைப் பலர் பஸ் செலவு, கைச்செலவு என்று கணக்கு வைக்கிறார்கள். தவறில்லை. ஆனால் கடன் வாங்கிய பிள்ளைக்கு இதற்கு இன்னொரு நல்ல பயன் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உதவித்தொகை ‘வந்துவிட்டது’ என்று இணையதளம் காட்டும், பாஸ்புக்கில் ஒன்றும் இருக்காது. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, அந்தக் கணக்கை ஆதார் வழிப் பணம் வரும் கணக்காக தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தில் பதிவுசெய்திருப்பது வேறு. ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு கணக்குத்தான் இப்படிப் பதிவாகியிருக்கும். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காகத் திறந்து, பிறகு தொடாமல் விட்ட கணக்கிலேயே பல பிள்ளைகளின் பதிவு நிற்கிறது; பணம் அங்கே போய்ச் சேரும், அல்லது கணக்கு முடங்கியிருந்தால் திரும்பிப் போகும். கிளையில் போய் “ஆதார் சீடிங் ஆகியிருக்கா, எந்தக் கணக்குக்கு ஆகியிருக்கு?” என்று கேட்டால் போதும். “ஆதார் லிங்க் ஆயிருக்கா?” என்று கேட்டால் ஆகியிருக்கிறது என்றுதான் பதில் வரும்.

மேசைக்கு அந்தப் பக்கம்

சரி, கட்டணத்தில் இதெல்லாம் போக மீதிக்குக் கடன். இந்திய வங்கிகள் சங்கம் 2001-ல் வகுத்து, பின்னால் பலமுறை திருத்திய மாதிரிக் கல்விக் கடன் திட்டம்தான் இன்றும் எல்லாப் பொதுத்துறை வங்கிகளுக்கும் அடிப்படை. அதன் படிகள் எளியவை. 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் இல்லை, கையிலிருந்து போட வேண்டிய பங்குத் தொகையும் இல்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் குடும்பம் போட வேண்டும். 7.5 லட்சம் வரை, 2015-ல் வந்த கடன் உத்தரவாத நிதியின் கீழ் கொடுத்தால், பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கக் கூடாது. கடன் திரும்பி வராமல் போனால் வங்கிக்கு 75 சதவீதம் வரை அந்த நிதி ஈடுகட்டும். அதற்கு மேல் போனால் சொத்துப் பத்திரம்.

காகிதத்தில் இவ்வளவுதான். மேசையில் நடப்பது வேறு. மாவட்டத் தலைநகர் ஒன்றில், பெண்ணோடு வந்த ஒரு அப்பாவும் கிளை மேலாளரும் பேசுவதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டிருக்கிறேன்.

“சார், பாப்பாவுக்குக் கவுன்சிலிங்ல சீட் கெடச்சிருக்குங்க. லோன் விஷயமா…”

“எந்த ஊருங்க நீங்க? அது எங்க ஏரியா இல்லியே. உங்க ஊர் பிராஞ்ச்லயே கேளுங்க.”

“அங்க கேட்டோம் சார். டார்கெட் முடிஞ்சிடுச்சுன்னுட்டாங்க.”

“காலேஜ் பக்கத்துல ஒரு பிராஞ்ச் இருக்கும், அங்க கேட்டுப் பாருங்களேன்.”

யாரும் கோபப்படவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. விண்ணப்பம் மட்டும் யார் கைக்கும் போகவில்லை. வாய்மொழி மறுப்புக்கு உள்ள சௌகரியம் அதுதான்: மறுத்ததாகவே பதிவு இருக்காது. விதி என்ன சொல்கிறது? விண்ணப்பத்தை 15 முதல் 30 நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். நிராகரிப்பதானால் கிளைக்கு அடுத்த மேல்நிலை அதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தைச் சொல்லி நிராகரிக்க வேண்டும். உங்கள் வீடு எங்கள் ஏரியாவில் இல்லை என்பதை ஒரு காரணமாகவே ரிசர்வ் வங்கி ஏற்பதில்லை.

ஆகவே பேச்சை எழுத்தாக மாற்றுவதுதான் முதல் வேலை. 2015 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய வித்யாலட்சுமி இணையதளத்தின் உண்மையான பயன் இதுதான் என்பது என் கருத்து. ஒரே படிவத்தில் மூன்று வங்கிகள் வரை விண்ணப்பிக்கலாம் என்பது அதன் விளம்பரம். விண்ணப்ப எண்ணும் தேதியும் கிடைக்கும் என்பதுதான் அதன் பலம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு கிளைக்குப் போனால் ‘டார்கெட் முடிந்துவிட்டது’ என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. 30 நாள் கடந்தும் பதில் இல்லையென்றால், வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம். அதற்கும் 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். செலவில்லை, வக்கீல் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். எடுத்த எடுப்பில் குறைதீர்ப்பாளருக்கு எழுதினால் மட்டும் தள்ளுபடியாகும். வங்கியிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மேலாளர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பிணை இல்லாத சின்னக் கடன், பணம் திரும்பத் தொடங்கவே ஐந்து வருடம், கடன் வாங்கிய பிள்ளை அதற்குள் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும், வாராக் கடனானால் கேள்வி வருவது கிளைக்கு. உத்தரவாத நிதியில் ஈட்டுத்தொகை கோருவதும் தனி எழுத்து வேலை. அவர் தட்டிக் கழிப்பது சரியில்லைதான். ஆனால் ஏன் தட்டிக் கழிக்கிறார் என்று தெரிந்து போனால் பேசுவது எளிது: ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியின் அங்கீகாரச் சான்று, ஆண்டுவாரியான கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், பெற்றோர் வருமானச் சான்று, எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

அடிக்கடி வரும் இன்னொரு தடை, அப்பாவின் சிபில், அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்று காட்டும் பதிவு. கல்விக் கடனில் பெற்றோர் வெறும் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர் அல்ல. அவர் இணைக் கடனாளி. டிராக்டர் கடனோ, டூவீலர் கடனோ பாக்கி இருந்தால் அது இங்கே வந்து நிற்கும். மாணவரின் சிபில் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் ஒரு வழக்கில் சொன்னது. படிப்பு முடித்தபின் மாணவருக்குக் கிடைக்கப்போகும் திருப்பிச் செலுத்தும் திறனைத்தான் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். முதல்முறை கடன் கேட்பவருக்குச் சிபில் வரலாறே இல்லை என்பதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. இவற்றை விண்ணப்பத்தோடு ஒரு பத்தியாக எழுதிக் கொடுக்கலாம். ஆனாலும் அப்பாவின் பழைய பாக்கி சில ஆயிரமாக இருந்தால், வாதாடுவதைவிட அதை அடைத்துவிடுவது விரைவாக முடியும் வேலை.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேருபவர்கள் கவனிக்க: மாதிரித் திட்டம் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கானது. நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் விருப்பம். வட்டி மானியங்களும் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. புரோக்கர் “லோன் நாங்க பார்த்துக்குறோம்” என்று சொல்லி நிர்வாக ஒதுக்கீட்டுச் சீட்டை விற்கும்போது இந்த வரியை அவர் சொல்வதே இல்லை.

நடு வருடங்கள்

இப்போது கடன் வந்துவிட்டது. வங்கி ஆண்டுதோறும் கல்லூரிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்புகிறது. வீட்டுக்கு எந்தக் கடிதமும் வருவதில்லை, எந்தத் தவணையும் இல்லை. படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் சலுகைக் காலம். அதுவரை கட்ட வேண்டியதில்லை.

‘கட்ட வேண்டியதில்லை’ என்பதை ‘வட்டி இல்லை’ என்று புரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு, ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சலுகைக் காலத்தில் தனிவட்டிதான். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாவதுக்கு நான்கு, மூன்றாவதுக்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. மொத்தம் 1,47,000 ரூபாய். சலுகைக் காலம் முடிந்த அன்று இந்த வட்டி அசலோடு சேர்ந்துவிடும். பிள்ளை 4 லட்சம் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருக்க, தவணை 5,47,000 ரூபாய்க்குப் போடப்படும். பத்து ஆண்டுத் தவணையில் மாதம் சுமார் 7,380 ரூபாய். வெறும் 4 லட்சத்துக்கு என்றால் சுமார் 5,400 தான்.

தவணையைக் குறைக்கப் பதினைந்து ஆண்டாக நீட்டலாம். மாதம் 6,050 ரூபாய்க்கு வரும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது 8.86 லட்சத்திலிருந்து 10.88 லட்சமாகிவிடும். கிளையில் தவணையை மட்டும் சொல்வார்கள். மொத்தத்தை நாம்தான் கேட்க வேண்டும்.

இந்த 1,47,000 ரூபாயைத் துடைத்தெறிய ஒரு வழி இருக்கிறது, அதுதான் நடு வருடங்களில் நழுவிப் போகிறது. 2009-ல் தொடங்கிய மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம். பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்பில் சேர்ந்திருந்தால், சலுகைக் கால வட்டி முழுவதையும் அரசே கட்டும். 2018-க்குப் பிறகு, கல்லூரிக்கு நாக் தரச்சான்றோ படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும், அல்லது மத்திய அரசு நிதியில் இயங்கும் நிறுவனமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. இளநிலை, முதுநிலை இரண்டில் ஒன்றுக்கு, ஒரே முறைதான் கிடைக்கும். பாதியில் படிப்பை விட்டால் கிடையாது.

இதில் மானியத்தைக் கோருவது மாணவர் அல்ல, வங்கிக் கிளை. தாசில்தார் தரும் வருமானச் சான்றை வாங்கிப் பதிவேற்றி, கனரா வங்கி வழியாக இயங்கும் தளத்தில் உரிமை கோர வேண்டும். அந்தத் தளமும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் திறந்திருக்கும். கிளையில் ஆள் மாறியிருப்பார், கோப்பு அலமாரியில் இருக்கும், வருமானச் சான்றின் ஓராண்டுக் காலம் முடிந்திருக்கும். யார் மீதும் பெரிய குற்றமில்லாமல் ஒரு வருட மானியம் போய்விடும். மாணவருக்கு இது தெரிய வருவது, நான்கு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது. “மானியம் வரலியே சார்” என்று அப்போது போய் நின்றால், பழைய ஆண்டுகளுக்கான கோரிக்கையைத் திறப்பது கிளையால் ஆகிற காரியமில்லை.

அதனால் கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. வலது ஓரத்தில் மீதித் தொகை. இடையில் மாதந்தோறும் ‘வட்டிப் பற்று’ என்று ஒரு வரி. கல்லூரிக்குப் பணம் போன தேதியில் பெரிய தொகை ஒன்று. மானியம் வந்திருந்தால் வரவுப் பக்கத்தில் அரசு மானியம் என்ற குறிப்போடு ஒரு தொகை இருக்கும். மானியம் தாமதமாகத்தான் வரும், முதல் வருடம் முடிந்த உடனே தேட வேண்டாம். ஆனால் இரண்டாம் வருடம் முடிந்தும் அந்த வரவு ஒரு தடவைகூட இல்லையென்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. வேறு சில பற்றுகளும் கண்ணில் படலாம்: ஆயுள் காப்பீட்டு பிரீமியம் கடனோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டிருக்கும். அதை வாங்கியே ஆக வேண்டும் என்று திட்டம் சொல்லவில்லை. கடன் அனுமதி நாளில் நீட்டிய இருபது கையெழுத்துகளில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும்.

மானியத்துக்குத் தகுதி இல்லாத குடும்பம் என்ன செய்யலாம்? 2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சலுகைக் காலத்தில் 3 சதவீத வட்டிக் குறைப்பு உண்டு. வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ வாங்காதவர்களுக்கு, ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள் வரை. கல்லூரி தேசியத் தரவரிசைப் பட்டியலை ஒட்டித் தயாரித்த பட்டியலில் இருக்க வேண்டும்; தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் அதில் இருந்தன. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பழைய வித்யாலட்சுமி தளத்தையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். பழையது விண்ணப்பிக்கும் வாசல் மட்டும், இது சலுகைத் திட்டம். தளமும் வேறு. உங்கள் கல்லூரி பட்டியலில் இல்லையென்றால் இந்தத் திட்டத்தை நம்பி உட்கார வேண்டாம்.

எந்தச் சலுகையும் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி: படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவிடுவது. மேலே போட்ட அதே கணக்கில் முதல் வருடம் மாத வட்டி 875 ரூபாய்தான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாய்க்குச் சொன்ன இன்னொரு பயன் இதுவே. இரண்டாம் வருடம் 1,750, மூன்றாம் வருடம் 2,625, நான்காம் வருடம் 3,500 என்று ஏறும். முழுவதும் கட்ட முடியாவிட்டாலும், கட்டிய அளவுக்குப் பின்னால் சுமை குறையும். படிப்புக் காலத்தில் வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு 1 சதவீத வட்டிச் சலுகை தரவும் மாதிரித் திட்டத்தில் இடமிருக்கிறது. இதையும் கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்னொன்று, அரியர். நான்கு வருடத்தில் முடிக்க முடியாமல் போனால் சலுகைக் காலம் தானாக நீளாது. வங்கியின் கணினி, சேரும்போது கொடுத்த தேதியையே வைத்துத் தவணையைத் தொடங்கிவிடும். படிப்புக் காலத்தை அதிகபட்சம் இரண்டு ஆண்டு நீட்டிக்கத் திட்டம் அனுமதிக்கிறது. கல்லூரியிடம் கடிதம் வாங்கி, தேதி முடிவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். அரியர் இருப்பதை வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வங்கியிடமும் சொல்லாமல் இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் சொல்வது அவர்கள் பாடு, வங்கியிடமாவது சொல்லிவிடலாம்.

கட்ட முடியாதபோது

சலுகைக் காலம் முடிகிறது, வேலை இல்லை. அல்லது 15,000 ரூபாய் சம்பளத்தில் சென்னையில் அறை வாடகை போக மிச்சம் எதுவும் இல்லை. இங்கே பெரும்பாலோர் செய்வது, வங்கியின் போனை எடுக்காமல் இருப்பது. தவணை 90 நாள் நிலுவையில் இருந்தால் கணக்கு வாராக் கடனாகிவிடும். அதன்பின் மேலாளர் நினைத்தாலும் செய்யக்கூடியது குறைந்துவிடும். அந்த 90 நாளுக்கு முன்னால் போனால் செய்ய நிறைய இருக்கிறது: வேலையில்லாத காலத்துக்கோ குறைந்த சம்பளக் காலத்துக்கோ, கடனின் ஆயுளில் இரண்டு மூன்று முறை சலுகைக் காலம் தரலாம் என்கிறது மாதிரித் திட்டம். தவணைக் காலத்தைப் பதினைந்து ஆண்டு வரை நீட்டலாம். முதல் சில ஆண்டுகள் குறைவாகவும் பிறகு அதிகமாகவும் கட்டும்படி தவணையை மாற்றிக் கேட்கலாம். எல்லாம் எழுத்தில் கேட்க வேண்டும், நகலில் கிளையின் முத்திரை வாங்க வேண்டும்.

கெட்ட கடன் எங்கெல்லாம் வந்து நிற்கும் என்பது இருபது வயதில் தெரிவதில்லை. பொதுத்துறை வங்கி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளிலேயே நல்ல கடன் வரலாறு வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. 2025-ல் ஒரு வழக்கில், சிபில் அறிக்கையில் கடன் பாக்கி காட்டியதால் பணி நியமனத்தை ரத்துசெய்த ஸ்டேட் வங்கியின் முடிவைச் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. கல்விக் கடன் வாங்கிப் படித்து வங்கித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இதைப் பேச வேண்டும். இணைக் கடனாளி என்பதால் அப்பாவின் அடுத்த கடனும், தங்கையின் கல்விக் கடனும் சேர்ந்தே நிற்கும்.

வங்கி தன் வாராக் கடன்களை வேறு நிறுவனத்துக்கு விற்கவும் செய்யும். ஸ்டேட் வங்கி கல்விக் கடன்களை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்குக் கைமாற்றியது 2016-ல் தமிழ்நாட்டில் பெரிய சர்ச்சையானது. படிக்க வங்கியில் வாங்கிய கடனுக்கு, கேள்விப்படாத ஒரு கம்பெனியின் ஆள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கடன் விற்கப்பட்டால் கட்ட வேண்டியது புதிய நிறுவனத்துக்குத்தான். ஆனால் கைமாறியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்கள், நண்பர்கள் முன் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் திரும்பவும் வலியுறுத்தியது. மீறினால் போன் பதிவு, தேதி, நேரம் ஆகியவற்றோடு புகார் செய்யலாம். பிணை இல்லாத கடனுக்காக யாராவது வீட்டை ‘ஜப்தி செய்துவிடுவோம்’ என்று போனில் சொன்னால், அது மிரட்டல்தான். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அது நடக்காது.

மக்கள் நீதிமன்றத்தில், அல்லது வங்கியின் ஒருமுறைத் தீர்வு முகாமில், வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளிக் கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். வேறு வழியில்லாதபோது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிபில் அறிக்கையில் அது ‘முடிக்கப்பட்டது’ என்று வராது, ‘சமரசம்’ என்று வரும். அடுத்த வங்கிக்காரருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. முழுவதும் கட்டக் கூடிய நிலையில் இருப்பவர், சில ஆயிரம் மிச்சம் பிடிக்க இந்த முத்திரையை வாங்கிக்கொள்வது நல்ல வியாபாரம் இல்லை.

அப்புறம் தள்ளுபடி. 2019 மக்களவைத் தேர்தலிலும் 2021 சட்டமன்றத் தேர்தலிலும் கல்விக் கடன் தள்ளுபடியை திமுக வாக்குறுதியாகத் தந்தது. கூட்டுறவு வங்கி நகைக் கடனைப் போல இதை மாநில அரசு நினைத்த மாத்திரத்தில் தள்ளுபடி செய்ய முடியாது. கடன் தந்தவை பெரும்பாலும் மத்திய அரசின் கீழ் உள்ள பொதுத்துறை வங்கிகள். தள்ளுபடி என்றால் மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து அந்த வங்கிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். வாக்குறுதி சரியா தவறா என்பது வேறு பேச்சு. அதை நம்பித் தவணையை நிறுத்தியவர்களின் கணக்கில் வட்டி நிற்கவில்லை என்பதை மட்டும் கிளைக்குக் கிளை பார்க்கலாம்.

ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குச் சின்னச் சலுகை ஒன்று உண்டு. வருமான வரிச் சட்டம், கட்டிய வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறது. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும். இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நிறுவனம் புதிய வரிமுறையைத்தான் இயல்பாகப் போட்டுவிடும் என்பதால், எது லாபம் என்று இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்.

கடைசித் தவணை கட்டிய அன்றைக்கும் வேலை முடிவதில்லை. பாக்கியில்லாச் சான்று கேட்டு வாங்க வேண்டும். சொத்துப் பத்திரம் வைத்திருந்தால், கடன் முடிந்த 30 நாட்களுக்குள் வங்கி அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இரண்டு மாதம் கழித்து அதை எடுத்து, மாணவர் பெயரிலும் இணைக் கடனாளியான அப்பாவின் அல்லது அம்மாவின் பெயரிலும் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளை பெயரில் முடிந்து, அம்மா பெயரில் மட்டும் திறந்தே கிடக்கிற அறிக்கைகளும் உண்டு.